திங்கட்கிழமைத் துகள்

உலகத்தில் இல்லாத ஒரு துகளை ஒன்பது முறை கண்டுபிடித்தவள் நான். ஒரு முறை என்றால் கண் பிசகிவிட்டது என்று விட்டுவிடலாம். ஒன்பது முறை பிசக வேண்டுமென்றால் அதற்கு ஒரு குடும்பமே சேர்ந்து உழைத்திருக்க வேண்டும். என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. என் வீட்டுக்காரர், மூன்று மகன்கள், எங்கள் குடியிருப்பின் சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்த நெஸ்ஸெ அம்மாள், எல்லோருக்கும் அந்தக் கண்டுபிடிப்பில் பங்கு உண்டு.

ஐம்பத்து நாலாம் வருடக் குளிர்காலம் அது. ஹெல்வோகனில் குளிர்காலம் என்றால் பனி அல்ல, மழை. கிழக்கே ஓஸ்லோவில் சறுக்குக் கட்டையில் போவார்கள். நாங்கள் ரப்பர் பூட்சில் போவோம். மேட்டின் மேலிருந்த இயற்பியல் கட்டிடத்தின் நிலவறையில் எனக்கு வேலை. ஒரு நுண்ணோக்கி, ஒரு நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம். பேராசிரியர் ராவ்னின் கூட்டத்தார் கண்ணாடித் தகடுகளில் ஜெலட்டின் பசையைத் தடியாகப் பூசி, தெற்கே எங்கேயோ பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்புவார்கள். மேலே திரிகிற துகள்கள் பசைக்குள் பாய்ந்து, ஓடி, நின்றுபோகும். தகட்டைக் கழுவினால் ஓடிய வழி கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தக் கோடுகளைத் தேடிப் பிடித்து நீளம் அளப்பது எங்களைப் போன்ற பெண்களின் வேலை. அளந்த பிறகு அதற்கு அர்த்தம் சொல்வது மாடியில் இருந்த ஆண்களின் வேலை. கட்டுரை அச்சாகும்போது அவர்கள் பெயர்கள் மேலே இருக்கும். கடைசி வரியில் "அளவெடுப்பில் உதவிய பெண்மணிகளுக்கு நன்றி" என்று இருக்கும். ஆறு வருடத்தில் பதினான்கு கட்டுரைகளில் நான் பெண்மணிகளாக இருந்திருக்கிறேன்.

அறையில் நாங்கள் இரண்டு பேர். ஜன்னலோரம் ரக்னா, இருபத்து நாலு வயது, கோபம் வந்தால் காது சிவக்கும். நான் உட்பக்கத்து மாடத்தில். என் இடத்தில் ஒரு கருப்புத் திரை உண்டு, வெளிச்சம் வராமலிருக்க. முதுகுக்குப் பின்னால் கட்டிடம் முழுவதற்கும் சூடு கொண்டுபோகிற தடித்த நீராவிக் குழாய். ஜனவரியில் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவள் நான்தான். எல்லாப் பாவமும் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் குடியிருப்பில் திங்கட்கிழமை துணி துவைக்க என் முறை. விடியும் முன்னே நிலவறைக் கொப்பரையில் கொதிக்க வைத்துத் துவைத்து, மேலே பரணில் காயப்போட வேண்டும். அந்தப் பரணில் நெஸ்ஸெ அம்மாள் ஹெர்ரிங் மீன் பீப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். என் படுக்கை விரிப்பெல்லாம் மீன் நாற்றம் அடித்தது. போய்க் கேட்டேன்.

"மீன் வாடைக்கு மூக்கைச் சுளிக்கிறவ இந்த ஊர்ல ஏன் இருக்கணும்?" என்றாள்.

"மீன் திங்கிறவதான் நான். மீனுக்குள்ள படுத்துத் தூங்கறவ இல்ல" என்றேன்.

அவ்வளவுதான், பரண் சாவி எனக்கு இல்லை என்றாகிவிட்டது. வீட்டில் மூன்று பையன்களின் கம்பளிச் சட்டைகள், உள்ளாடைகள். வெளியில் மழை. என் கையில் உலகத்திலேயே சூடான குழாய் ஒன்று சும்மா கிடக்கிறது. திங்கட்கிழமை தோறும் ஈரத் துணியை முதுகுப் பையில் அடைத்து எடுத்துப்போய்த் திரைக்குப் பின்னால் குழாய் மேல் விரித்துவிடுவேன். நாலு மணிக்கு மடித்து எடுத்துக்கொண்டு கிளம்புவேன். இதில் என்ன தப்பு என்று அப்போது யார் கேட்டிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன்.

முதல் 'குண்டன்' அகப்பட்டது ஜனவரி கடைசியில். ஒரு துகள் நின்று, சாகும்போது இன்னொரு குட்டித் துகளைத் துப்பும். அந்தக் குட்டி எப்போதும் அறுநூறு மைக்ரான்தான் ஓடும். ஒரு மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்று மேலே. ஏழு வருடமாக எல்லா ஊரிலும் அப்படித்தான். எனக்கு அன்றைக்கு அறுநூற்று எழுபது வந்தது. மூன்று முறை அளந்தேன். அறுநூற்று எழுபது. துப்பிய அம்மாத் துகள் கனமாக இருந்தால்தான் குட்டி அவ்வளவு தூரம் ஓடும். அதாவது இதுவரை யாரும் பார்க்காத ஒரு கனத்த துகள். அதற்கு நாங்கள் வைத்த பெயர்தான் குண்டன்.

டாக்டர் லீயன் ஓடி வந்தார். சோதனைப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. சட்டை மேல் பொத்தான் எப்போதும் தவறான துளையில் இருக்கும். இருட்டில் முதுகுக்குப் பின்னால் கிடந்த துணி அவர் கண்ணில் படவில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார், தானும் அளந்தார். அதே எண்.

"ஹோவ்டனம்மா, நகராதீங்க. எதையும் தொடாதீங்க. மூச்சுகூட விடாதீங்க!"

"மூச்சு விடலன்னா சாயங்காலம் பையன்களுக்கு யாரு சமைக்கிறது டாக்டர்?"

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வழக்கம் ஒன்று உண்டு. அபூர்வமாக ஏதாவது அகப்பட்டால் சனிக்கிழமை காப்பிக்குப் பேராசிரியர் செலவில் க்ரீம் கேக். கேக்கில் சொருகிய குட்டிக் கொடியைக் கண்டுபிடித்தவளின் மேசையில் வைத்துவிடுவார்கள். மார்ச் முடிவதற்குள் என் மேசையில் கொடிக்குப் பக்கத்தில் கொடியாக ஒன்பது. ரக்னாவின் மேசையில் ஒன்றுகூட இல்லை.

பேராசிரியர் ராவ்ன் கேக்கை வெட்டியபடி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்தக் கட்டுரையில ஹோவ்டனம்மா பேரு வரும். நன்றி சொல்ற இடத்துல இல்ல. மேல, எங்க பேரோட."

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல்ல வெட்கமில்லை, சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் மீன் சந்தையில் சொன்னேன். தபால் நிலையத்தில் சொன்னேன். பேச்சுவார்த்தை இல்லாத நெஸ்ஸெ அம்மாளுக்குக் கேட்கும்படி மாடிப்படியில் நின்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னேன். தென்கடலில் திமிங்கில வேட்டைக் கப்பலில் இருந்த என் வீட்டுக்காரர் யோஸ்டெய்னுக்குத் தந்தியும் கொடுத்தேன்: புதுத் துகள் கண்டுபிடித்தேன், கனமானது. பதில் வந்தது: வாழ்த்து, எத்தனை டன்?

மாடியில் டாக்டர் க்வாம் இருந்தார். கணக்கிலேயே எல்லாம் பார்க்கிறவர். கை எப்போதும் பைக்குள் இருக்கும். இருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரு முறை ஆர்வத்தில் நுண்ணோக்கியின் திருகைத் திருப்பி லென்சைத் தகட்டுக்குள்ளேயே இறக்கிவிட்டவர். குண்டனுக்கு ஆறே வாரத்தில் ஒரு கோட்பாடு எழுதி முடித்துவிட்டார். இருபத்தேழு பக்கம். ஈஸ்டருக்குப் பிறகு இத்தாலியில் மாநாடு, அங்கே வாசிக்கப் போகிறார்கள்.

ரக்னாதான் முதலில் வாயைத் திறந்தாள். "டாக்டர், ஒண்ணு கேக்கட்டுமா? எல்லாக் குண்டனும் தகட்டுக்குள்ள செங்குத்தா இறங்குறான். படுத்தவாக்குல போறவன் ஒருத்தன்கூட இல்லையே. ஏன்?"

க்வாமின் முகம் மலர்ந்துபோயிற்று. "அருமையான கேள்வி! அதுதான் என் நாலாவது அத்தியாயமே. இந்தத் துகளுக்கு மேல் எது, கீழ் எதுன்னு தெரியும்மா!"

"எங்க மாமாவுக்கே சனிக்கிழமை குடிச்சுட்டு வந்தா தெரியாது" என்றாள் ரக்னா, என் பக்கம் திரும்பி, மெதுவாக.

இரண்டாவது கேள்வியை அவர் எங்களிடமே கேட்டார். ஏன் ஒன்பதும் திங்கட்கிழமையே அகப்பட்டிருக்கிறது? நான் யோசிக்காமல் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு ஓய்வு, அதனால் திங்களன்று பார்வை கூர்மை என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். நான்கூடத் தலையாட்டினேன். இவ்வளவு படித்தவர்கள் இருந்த இடத்தில் அதை மறுத்துப் பேச ஒரு ஆள் இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்தக் கோட்டையும் இரண்டாவது கண் ஒன்று பார்க்க வேண்டும் என்பது விதி. லீயன் ஒவ்வொரு குண்டனையும் அன்றே, என் மாடத்திலேயே, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டதால் விதி நிறைவேறியது என்று விட்டிருந்தார்கள். மாநாட்டுக்கு முன்னால் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ரக்னாவும் அளக்கட்டும் என்று. வியாழக்கிழமை, ஜன்னலோரத்தில், ஒன்பதையும் அவள் அளந்தாள். அறுநூறு. அறுநூற்று மூன்று. ஐந்நூற்றுத் தொண்ணூற்று எட்டு. ஒரு குண்டன்கூட இல்லை.

லீயன் நோட்டைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ரக்னா, உன் கண்ணு எங்க இருக்கு? ஹோவ்டனம்மா அளந்தா அறுநூத்தி எழுவது. நீ அளந்தா அறுநூறு. தகடு என்ன உன் மூஞ்சியப் பாத்துச் சுருங்குதா?"

"நான் மூணு தடவ அளந்தேன் டாக்டர்."

"முப்பது தடவ அளந்தாலும் கவனம் இல்லன்னா என்ன பிரயோஜனம்? திங்கள்லேர்ந்து நீ தகடு கழுவற தொட்டிப் பக்கம் போ. இங்க வேற ஆளப் பாக்கறேன்."

ரக்னாவின் காது சிவந்திருந்தது. அவர் போன பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "விடுடீ, இளங்கண்ணு, பழகும்" என்றேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் கண் என் கண்ணைவிட நல்ல கண் என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலை என் நோட்டைப் புரட்டினேன். திங்கட்கிழமைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் காலியாக இருந்தது. பிப்ரவரி இருபத்திரண்டு. அன்றும் வேலைக்கு வந்திருந்தேன். பதினொரு கோடு அளந்திருந்தேன். அவற்றில் நாலு செங்குத்து. எல்லாம் ஒழுங்காக அறுநூறு. அன்றைக்கு என்ன விசேஷம்? யோசித்தபோது ஞாபகம் வந்தது. அன்று சின்னவனுக்கு அம்மை. வீட்டில் துணி துவைக்கவில்லை.

ஜெலட்டின் என்பது மாட்டெலும்பில் காய்ச்சியது. ஈரம் பட்டால் உப்பும். இது எங்கள் ஆய்வுக்கூடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும். அதற்காகவே சுவரில் ஈரமானி ஒன்று மாட்டி, தினம் இரண்டு வேளை படித்துக் குறித்துவைப்போம். ஈரமானி மாட்டியிருந்தது ஜன்னலோரத்தில், ரக்னா பக்கம். தகடு உப்பினால் கோட்டின் ஆழம் கூடும். படுத்துக் கிடக்கிற கோட்டுக்கு ஆழம் ஏது? அது மாறாது. செங்குத்தாக இறங்குகிறவன் மட்டும் நீண்டுவிடுவான்.

வெள்ளிக்கிழமை ஒரு துண்டை நனைத்துக் குழாயில் போட்டேன். ஏழாம் எண் குண்டனை வைத்து அளந்தேன். அறுநூறு. கொஞ்சம் காத்திருந்தேன். அறுநூற்று முப்பது. இன்னும் ஒரு மணி நேரம். அறுநூற்று அறுபது. என் கண் முன்னால் அவன் தின்று கொழுத்துக்கொண்டிருந்தான். என் பெயர் மேலே வரப்போகிற கட்டுரை அந்தத் துண்டிலிருந்து ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் என்னோடு சண்டை போட்டேன். சும்மா இருந்தால் என்ன? பெயர் அச்சில் வரும். இத்தாலியில் கைதட்டுவார்கள். என்றாவது யாராவது கண்டுபிடித்தால் நான் என்ன செய்ய, மாடியில் இருந்தவர்கள்தானே அர்த்தம் சொன்னார்கள். ஆனால் திங்கட்கிழமை ரக்னா தொட்டிப் பக்கம் போவாள். சரியாக அளந்ததற்காக. அந்த இடத்தில் வந்து ஒவ்வொரு முறையும் என் நியாயம் முட்டி நின்றது.

திங்கட்கிழமை காலை ஈரத் துணிப் பையை முதுகில் போட்டுக்கொண்டு நேராக மாடிக்குப் போனேன். பேராசிரியர், லீயன், க்வாம் மூன்று பேரும் இருந்தார்கள். மேசையில் ரயில் டிக்கெட்டுகள். பையைக் கீழே வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பாய், பரண், குழாய், துண்டு.

 க்வாம் சிரித்தார், நோயாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "ஹோவ்டனம்மா, இயற்கைக்கு உங்க வீட்டு உள்ளாடையெல்லாம் தெரியாது."

"இயற்கைக்குத் தெரியாது டாக்டர். ஜெலட்டினுக்குத் தெரியும்."

"இருபத்தேழு பக்கம்மா! மேல் கீழ் பிசகாம வருது. ஈரத் துணிக்கு எப்படி அவ்வளவு அழகா சமன்பாடு வரும்?"

"உங்க ஏழாம் நம்பரைக் கொண்டுட்டு வாங்க. துணி நான் கொண்டுவந்திருக்கேன்."

நிலவறைக்கு இறங்கினோம். லீயனே உட்கார்ந்து அளந்தார். என்னை நம்பச் சொல்லிக் கேட்கிற நிலையில் நான் இல்லை. காய்ந்த மாடத்தில் ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. அவர் கழுத்து வேர்த்தது. பிறகு நான் துணியை விரித்தேன். இரண்டு படுக்கை விரிப்பு, ஏழு சட்டை, யோஸ்டெய்ன் தென்கடலுக்கு எடுத்துப்போக மறந்த மூன்று முழுநீளக் கம்பளி உள்ளாடைகள். திரையை இழுத்துவிட்டேன். பேராசிரியரும் இரண்டு டாக்டர்களும் நானும் அந்த மாடத்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். ஒரு கம்பளிக் கால் பேராசிரியரின் தோள் மேல் தொங்கியது. மரியாதைக்கு அதை அவர் நகர்த்தவில்லை.

"அறுநூத்திப் பத்து" என்றார் லீயன்.

அரை மணி கழித்து, "அறுநூத்தி முப்பத்தி ரெண்டு."

பேராசிரியரின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றித் துடைத்தார். துடைக்க அகப்பட்டது என் நடு மகனின் சட்டை.

"அறுநூத்தி ஐம்பத்தி அஞ்சு... அறுநூத்தி எழுவத்தி ஒண்ணு."

க்வாம் பைக்குள்ளிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்டார்: "இன்னும் ரெண்டு விரிப்பு போட்டா என்ன ஆகும்?"

"இன்னும் குண்டாவான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்து, குழாய் சுட்டு, கையை உதறிக்கொண்டு மறுபடியும் சிரித்தார். நான் அவரைப் பற்றி ஆறு வருடமாக நினைத்ததில் பாதியை அப்போதே திரும்ப எடுத்துக்கொண்டேன். லீயன் சிரிக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். ரக்னா தன் பொருட்களை ஒரு அட்டைப் பெட்டியில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ அளந்ததுதான் சரி" என்றார்.

"தெரியும் டாக்டர்" என்றாள் ரக்னா. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மேசையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தில்தான் அங்கே உண்மையான வேலை நடந்தது என்பேன். ஈரமானியை மாடத்துக்குள் மாட்டினோம். நாற்பது கோடுகள், ஆறு வித ஈரம். ரக்னா அளப்பாள், நான் அளப்பேன், ஒருத்தி எண்ணை மற்றவள் பார்க்கக் கூடாது. இவ்வளவு ஈரத்துக்கு இவ்வளவு உப்பும் என்று ஒரு அட்டவணை வந்தது. உலகம் முழுதும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அது தேவைப்படும் என்றார் பேராசிரியர். வேறொரு நாட்டில் ஒரு கூட்டத்தார் நாலு குண்டன் பிடித்துவைத்திருப்பதாகச் சேதி வந்திருந்தது. அவர்கள் ஊரிலும் மழைதான்.

மாநாட்டுக்குக் கட்டுரை தயாரானதும் என்னை மாடிக்குக் கூப்பிட்டு ஒரு பிரதி கொடுத்தார்கள். காப்பியும் கொடுத்தார்கள். படித்தேன். அட்டவணை எங்களுடையது, ஒரு எண் பிசகவில்லை. என் துணிகள் "எதிர்பாராத உள்ளூர்க் காரணம்" ஆகியிருந்தன. மேலே மூன்று பெயர்: ராவ்ன், லீயன், க்வாம். கடைசி வரிக்குப் போனேன். அளவெடுப்பில் உதவிய பெண்மணிகளுக்கு நன்றி.

 கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ப்ரொபசர், இல்லாத துகளுக்கு என் பேரு மேல வரலாம்னீங்க. இருக்கற ஈரத்துக்கு வரக் கூடாதா?"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். நல்ல மனிதர், அதுதான் இன்னும் கோபம். "உங்க நல்லதுக்குத்தாம்மா. இது தப்பு நடந்த கதை. துணி காயப்போட்ட விஷயத்துல உங்க பேரு வந்தா நாலு பேரு சிரிப்பாங்களேன்னு..."

"சிரிக்கட்டும். துணி என்னுது, தப்பும் என்னுது. அதை நானே வந்து சொன்னேன். ஆனா இந்த நாப்பது கோடும் என்னுதுதான், ரக்னாவுதுதான். தப்பை மட்டும் எங்கிட்ட விட்டுட்டு மிச்சத்தை எடுத்துட்டுப் போனா எப்படி?"

லீயன் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, மழைதான். க்வாம் எழுந்து வந்தார். என் கையிலிருந்த தாளை வாங்கி மேசையில் வைத்து, தன் பெயரை நிதானமாக, நேர்கோடாக அடித்தார்.

"நான் இதுல எதையும் அளக்கல. ஈரத் துணிக்கு இருபத்தேழு பக்கம் எழுதினேன், அவ்வளவுதான். இங்க ஒரு இடம் காலியாகுது. ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்."

தாளைப் பேராசிரியர் பக்கம் தள்ளினார். பேராசிரியர் பேனாவைத் திறந்தார். அடித்த பெயருக்கு மேல் முனையை வைத்தவர், எழுதாமல் அப்படியே இருந்தார். காது மடல்வரை சிவந்துவிட்டது.

"ஹோவ்டனம்மா... உங்க முதல் பேரு என்ன?"

ஆறு வருடம். அவர் வீட்டுப் பூனையின் பெயர் எனக்குத் தெரியும். அவர் மனைவிக்கு எந்தப் பல்லில் வலி என்பது தெரியும். எனக்குச் சிரிப்பு வருமென்று நினைத்தேன். வரவில்லை.

"டாக்னி" என்றேன்.

எழுதினார். "அப்புறம், ரக்னா... ரக்னா என்ன?"

என் பெயரில் பாதிதான் அவருக்குத் தெரிந்திருந்தது, அவள் பெயரிலும் பாதிதான். "தைகென்" என்றேன். "ரக்னா தைகென்." அவர் பேனா தயங்கியது. நான் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எழுதினார்.